மாவட்டக் கோட்டா இன்னும் வேண்டுமா? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே நின்று பார்த்தால்

ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து, அப்புறம் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளியும் வெளியானால், வருடா வருடம் இதே வாக்குவாதம் தொடங்கிவிடும். கொழும்பில் ஒரு பிள்ளைக்கு மெடிசின் கிடைக்காமல் போயிருக்கும், அதைவிடக் குறைந்த இசட் புள்ளியோடு மட்டக்களப்பில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருக்கும். "யுத்தம் முடிஞ்சு இவ்வளவு காலம், இன்னும் எதுக்கு இவங்களுக்குச் சலுகை?" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். எங்கள் தமிழர் பக்கத்திலேயே "தரப்படுத்தலால அடிபட்ட சனம் நாங்க, அதே தரப்படுத்தலை இப்ப நாங்களே கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கிற இந்த ஒதுக்கீடு இன்னும் வேண்டும். ஆனால் அது மாவட்டம் என்ற அளவோடு நின்றுவிடுவதால், யாருக்காகக் கொண்டுவந்தார்களோ அந்தப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேராமல் பாதி வழியில், நகரத்திலேயே தங்கிவிடுகிறது.

தரப்படுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் இரண்டு வேறு விசயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. 1971இல் நடந்தது மொழிவாரித் தரப்படுத்தல். தமிழில் பரீட்சை எழுதிய பிள்ளைக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு வேறொரு வெட்டுப்புள்ளி. மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூலம் 400க்கு 250 எடுக்கவேண்டியிருந்தது, சிங்கள மொழிமூலம் 229 போதும். பேராதனை பொறியியலுக்கு 250, 227. இதில் பின்தங்கிய பிள்ளை, வசதியான பிள்ளை என்ற பேச்சே இல்லை. மட்டக்களப்பு வயல்கரையில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையும் தமிழ் என்பதால் 250 எடுக்கவேண்டும், கொழும்பில் கார் வைத்திருக்கும் வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கு 229. எழுதிய மொழியைப் பார்த்துத் தண்டித்த ஏற்பாடு அது. அதற்கு ஒரு நியாயமும் கிடையாது, அதனால் எரிந்த நெருப்பு என்ன செய்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாவட்டக் கோட்டா அதற்குப் பின்னால் வந்தது. 1974இல் சனத்தொகைக் கணக்கில் மாவட்டங்களுக்கு இடம் பிரித்தார்கள். இதுவும் யாழ்ப்பாணத்தைக் கடுமையாக அடித்தது. 1969இல் நாட்டுச் சனத்தொகையில் 7 சதவீதமாக இருந்த வட மாகாணம் விஞ்ஞானத் துறைகளுக்கு 27.5 சதவீதம் பிள்ளைகளை அனுப்பியது, 1974இல் அது 7 சதவீதத்துக்கு இறங்கியது. அதே கணக்கில் மேல் மாகாணமும் 67.5இலிருந்து 27க்கு இறங்கியது என்பதை எங்கள் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. இன்னொன்றையும் சொல்வதில்லை. இப்படிக் குறைந்த இடங்களில் ஒரு பங்கு மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் வந்தது, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் வந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் கம்பஸ் (பல்கலைக்கழகம்) போன பிள்ளை என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். யாழ்ப்பாணத்தின் இழப்பை நான் சின்னதாக்கவில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு நடந்தது அநியாயம்தான். அதற்காக "தமிழருக்கு நடந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனால் கிழக்கில் நடந்தது வரலாற்றிலேயே இல்லாமல் போய்விடும்.

பிறகு வீதங்கள் பல தடவை மாறின. இன்று நடப்பது இதுதான்: பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடம் நாடு முழுக்க இசட் புள்ளி வரிசைப்படி, அதாவது மெரிட். 55 சதவீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. வடக்கின் ஐந்து மாவட்டமும் கிழக்கின் மூன்றும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. அம்பாந்தோட்டை, மொனறாகலை, நுவரெலியா, இரத்தினபுரியும் வருகின்றன. ஆகவே இது தமிழருக்கோ முஸ்லிமுக்கோ தனியாகக் கொடுத்த ஒன்று என்று யாராவது சொன்னால், இந்தப் பட்டியலை எடுத்துக் காட்டினாலே போதும்.

இலக்கமாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு துறைக்கு 1000 இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மெரிட்டுக்குப் போய்விடும். 550ஐ மாவட்டங்களுக்குப் பிரிக்கவேண்டும். 2012 கணக்கெடுப்பில் மட்டக்களப்பின் சனத்தொகை 5 லட்சத்து 26 ஆயிரம், நாட்டில் ஏறக்குறைய 2.6 சதவீதம், அப்படியென்றால் 14 இடம் வருகிறது. மிச்சம் 50இல் பதினாறு மாவட்டமும் பங்கு கேட்கும், எங்களுக்கு 3 வரும். மொத்தம் 17. அம்பாறைக்கு இதே கணக்கில் 21 அளவில் வரும். ஆயிரத்தில் பதினேழு. இதைத்தான் நாட்டின் திறமையைக் கெடுக்கிற பெரிய சலுகை என்கிறார்கள்.

2001இலிருந்து இருக்கும் இசட் புள்ளி பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பாடம் கஷ்டமாக வந்து இன்னொன்று இலேசாக வந்தால் அந்த வித்தியாசத்தைச் சரிசெய்வதற்கு வந்த கணக்கு அது. இரசாயனவியலுக்கு ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கும், ஒரே பாடத்துக்கு மூன்று ரியூட்டரி (தனியார் வகுப்பு) மாறி மாறிப் போன பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கணக்கு பார்க்காது. பார்க்க அதற்கு வழியும் இல்லை.

சரி, ஏன் மாவட்டம்? நேரே இனம், சமூகம் என்று பார்த்து ஒதுக்கினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் இடம் மிகவும் குறுகலானது. 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் எதை வைத்தும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அதன் நான்காவது பந்தி விசேட ஏற்பாடு செய்யலாம் என்று பெயர் சொல்லி அனுமதிப்பது பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும்தான். சிறுபான்மை இனம் என்ற சொல் அங்கே இல்லை. 1990இல் அரச வேலையில் இன விகிதாசாரம் பார்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது, பதவி உயர்வுக்கு அதைப் பயன்படுத்தியபோது வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் 1991இல் அது சமத்துவத்துக்கு முரண் என்று சொல்லிவிட்டது. பல்கலைக்கழக மாவட்டக் கோட்டாவுக்கு எதிரான வழக்கோ 1980இலேயே தோற்றுப்போனது. ஆகவே இந்த நாட்டில் பின்தங்கியவனுக்குக் கைகொடுக்கச் சட்டத்தில் நிற்கக்கூடிய வழியாக எஞ்சியிருப்பது அவன் இருக்கும் இடம்தான். என்னைக் கேட்டால் அது கெட்ட வழியும் இல்லை. மகாஓயாவில் இருக்கிற ஏழைச் சிங்களப் பிள்ளைக்கும் இறக்காமத்து முஸ்லிம் பிள்ளைக்கும் திருக்கோவில் தமிழ்ப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு கதவு திறக்கும். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

ஆனால் எந்த இடம், எவ்வளவு பெரிய இடம் என்பதில்தான் பிரச்சினை.

நான் எழுவான்கரைக்காரன். நகரத்துக்குப் பக்கத்தில் படித்தேன், வீட்டிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் வகுப்பு, பௌதிகவியலுக்கு ஒரு சேர், கணிதத்துக்கு வேறொரு சேர், ஞாயிற்றுக்கிழமை பேப்பர் கிளாஸ். மாவட்டக் கோட்டாவில்தான் கம்பஸ் போனேன். படிப்பு முடித்து ஆசிரியராக முதல் நியமனம் படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது, ஐந்து வருடம் அங்கே இருந்தேன். எனக்குக் கிடைத்த இடம் யாருடைய பெயரில் எனக்குக் கிடைத்தது என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது.

மட்டக்களப்பை அறியாதவர்களுக்காக: நடுவில் வாவி கிடக்கிறது. கடல் பக்கம் சூரியன் எழுகிற எழுவான்கரை, நகரம், பெரிய பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி, ரியூட்டரி எல்லாம் இங்கே. மேற்குப் பக்கம் சூரியன் படுகிற படுவான்கரை, வயலும் மாடும் குளமும். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1820இல் தொடங்கிய வின்சன்ட், 1929இல் விபுலாநந்த அடிகள் கல்லடியில் தொடங்கிய சிவானந்தா எல்லாம் கிழக்குக் கரையில்தான். இருநூறு வருட முன்னோட்டம் என்றால் சின்ன விசயமா? மண்முனையில் பாலம் வந்ததே 2014இல்தான். அதற்கு முன்னால் பாதையில்தான் போகவேண்டும். இரும்பு மிதவையின் மேல் பலகை அடித்து ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற ஓடத்துக்கு எங்கள் ஊரில் 'பாதை' என்றுதான் பெயர். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: காற்று அடித்தால் பாதை பிந்தும், பாதை பிந்தினால் ஆசிரியர் பிந்துவார், ஆசிரியர் பிந்தினால் முதல் இரண்டு பாடம் போச்சு. அந்த முதல் இரண்டு பாடத்தைக் கணக்கும் விஞ்ஞானமுமாகத்தான் நேரசூசியில் போட்டிருப்பார்கள், காலையில் பிள்ளைகளுக்கு மூளை தெளிவாக இருக்கும் என்று.

நான் போனபோது அந்தப் பள்ளிக்கூடத்து இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் ஒரு அலுமாரி இருந்தது. திறப்பு யாரிடம் என்று எவருக்கும் தெரியாது. கடைசியில் பூட்டை உடைத்துப் பார்த்தோம், பியூரெட் (திரவத்தை அளந்து விடுகிற கண்ணாடிக் குழாய்) நாலு, பெட்டியே பிரிக்காமல், மேலே ஒட்டியிருந்த சீட்டு மஞ்சளாகிக் கிடந்தது. வந்த ஆசிரியர்கள் மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், பாவிக்கிறதற்கு ஆள் இல்லை. அந்தச் சீட்டில் இருந்த தேதியிலிருந்து எத்தனை பட்ச் பிள்ளைகள் பியூரெட்டைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் போயிருப்பார்கள் என்று நான் அன்றைக்கு விரல்விட்டு எண்ணினேன்.

பின்னேரம் வகுப்பு வைப்போம் என்று தொடங்கினேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று மூன்று நாள் வந்து நாலாம் நாள் வரவில்லை. அடுத்த நாள் கேட்டேன், "என்ன புள்ள, நேத்து வகுப்புக்கு வரல்ல?"

"ஆனை ரோட்டில நிண்டிச்சி சேர். அப்பா விடல்ல."

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அங்கே ஐந்து மணிக்குப் பிறகு யானை இறங்கும், வீடு உடைக்கும், ஆள் அடிக்கும், பெண் பிள்ளையைத் தனியாகச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தகப்பனும் துணியமாட்டான். அந்தப் பிள்ளை சனிக்கிழமைகளில் விடியப்புறம் எழும்பி, ஓடம் ஏறி, களுவாஞ்சிகுடிக்கு வகுப்புக்குப் போய் மத்தியானம் திரும்பி வரும். 2007இல் அந்தப் பக்கத்து ஊர்கள் இடம்பெயர்ந்தபோது அதற்கு ஒரு வயது, அகதி முகாமில்தான் நடக்கப் பழகியதாம்.

இப்போது அந்தப் பிள்ளையும் நகரத்தில் டொக்டர் வீட்டுப் பிள்ளையும் ஒரே மாவட்டம். ஒரே வெட்டுப்புள்ளி. மேலே சொன்ன பதினேழு இடத்துக்கு இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பின்தங்கிய மாவட்டம் என்று வருகிற 3 இடத்துக்கும் அதே வரிசைதான். யார் எடுப்பார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. படுவான்கரையின் வறுமையும் மாவட்டத்தின் வடக்கே இருக்கிற வாகரையின் யுத்தமும் சேர்ந்துதான் மட்டக்களப்பைப் பின்தங்கிய மாவட்டமாக்கியது, அதற்குரிய இடத்தை நகரத்தில் இருந்த நான் எடுத்துக்கொண்டு போனேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

அம்பாறையில் இது இன்னும் சிக்கல். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து உண்டாக்கிய மாவட்டம். 2012 கணக்கில் முஸ்லிம்கள் 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், சிங்களவர் 39க்குக் கிட்ட, தமிழர் 17 அளவில். தெஹியத்தகண்டியிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஏழு கல்வி வலயம். கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் நல்ல ஆசிரியர்களும் வகுப்புகளும் உண்டு, அம்பாறை நகரத்திலும் உண்டு. பொத்துவில் பிள்ளைக்கு வலயக் காரியாலயமே நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் அக்கரைப்பற்றில். ஆலையடிவேம்புக்குள் அளிக்கம்பை என்று ஒரு ஊர், வீட்டில் தெலுங்கு பேசுகிற வனக்குறவர்களின் ஊர். அந்தப் பிள்ளைக்கு வீட்டு மொழி வேறு, பள்ளிக்கூட மொழி வேறு, போட்டி போடவேண்டியது கல்முனைப் பிள்ளையோடு. வாகரைக் கரையோர வேடர் சமூகத்துப் பிள்ளைகளும் இப்படித்தான் நகரத்துப் பிள்ளைகளோடு போட்டி போடவேண்டும். சிறுபான்மைக்குள் இருக்கிற இந்தச் சிறுபான்மைகளைப் பற்றி எங்கள் தமிழ், முஸ்லிம் அரசியல்வாதிகள் பேசி நான் கேட்டதே இல்லை. சிறுபான்மை உரிமை என்று கொழும்பிடம் கேட்கும்போது உரத்துக் கேட்கிறோம், அதே உரிமையை அளிக்கம்பை எங்களிடம் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

வேறு நாடுகளிலும் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவில் 2003இல் உயர் நீதிமன்றம் நிறம் பார்த்துச் சேர்ப்பதை அனுமதித்தபோது, இன்னும் 25 வருடத்தில் இது தேவைப்படாது என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னது, அந்தக் காலம் முடிவதற்கு முன்னாலேயே 2023இல் அந்த வழியை அடைத்துவிட்டது. ஆனால் அங்கேயே டெக்சாஸ் மாநிலம் 1997இல் வேறு வழி கண்டுபிடித்தது: ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்திலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். நகரத்துப் பள்ளியோ கிராமத்துப் பள்ளியோ, அந்தப் பள்ளிக்குள் நீ முன்னுக்கு வந்தாயா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு இருந்தும் அருந்ததியர் பின்னுக்கே நின்றதால் 2009இல் பட்டியல் சாதிகளுக்குரிய 18 சதவீதத்துக்குள் அவர்களுக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு கொடுத்தார்கள். நீட் என்ற மருத்துவ நுழைவுப் பரீட்சை வந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மெடிசினில் காணாமல் போனபோது 2020இல் அவர்களுக்கு 7.5 சதவீதம் வைத்தார்கள். தமிழ்நாட்டில் இரண்டு தடவையும் நடந்தது ஒன்றுதான். பெரிய வட்டம் போட்டார்கள், வட்டத்துக்குள்ளேயே பலமானவன் முன்னுக்கு வந்தான், அப்புறம் உள்ளே ஒரு சின்ன வட்டம் போடவேண்டி வந்தது. எங்கள் வட்டம் 1974இல் போட்ட மாவட்டத்திலேயே நிற்கிறது.

தரம் குறையும் என்கிறவர்களுக்கு: கம்பஸில் எனக்கும் ஒருவன் சொன்னான், கோட்டாவில் வந்தவன் என்று. முதல் வருடம் கஷ்டப்பட்டேன் என்பது உண்மை, ஆங்கிலத்தில் விரிவுரை, பாதி விளங்காது. ஆனால் உள்ளே போன பிறகு கோட்டா இல்லை. அதே பேப்பர், அதே விடைத்தாள் திருத்துகிறவர், அதே சித்தி மட்டம். மெடிசினிலும் அப்படித்தான், கடைசி எம்பிபிஎஸ் பரீட்சையில் மாவட்டம் கேட்கமாட்டார்கள். கோட்டா கொடுப்பது உள்ளே போகிற வாசலை மட்டும்தான், பட்டத்தை அவரவர்தான் எடுக்கவேண்டும். எடுத்துக்கொண்டு வந்தவர்களில் ஒரு பகுதியாவது ஊருக்குத் திரும்பி வருகிறார்கள் என்பதையும் எங்கள் ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பார்க்கலாம்.

முதலில் ஆசிரியரை அனுப்பு, ஆய்வுகூடத்தைத் திற, அப்புறம் கோட்டா தேவைப்படாது என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கட்டாயம் செய்யவேண்டும். அதிகஷ்டப் பிரதேச ஆசிரியர்கள் மூன்று நாலு வருடத்தில் நகரத்துக்கு மாறிப்போகிற கதைக்கு ஒரு முடிவு வேண்டும். நானே ஐந்து வருடத்தில் மாறி வந்தவன்தான். ஆனால் இன்றைக்கு ஆறாம் ஆண்டுக்கு நல்ல விஞ்ஞான ஆசிரியர் வந்தால் அதன் பலன் ஏ.எல்லில் தெரிய ஏழு எட்டு வருடம். அதுவரைக்கும் எழுதப்போகிற பிள்ளைகளை என்ன செய்வது?

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. 40க்குக் கை வைக்கவேண்டாம், 55க்கும் வேண்டாம். அந்த 5 சதவீதத்தை மட்டும் மாவட்டத்துக்குக் கொடுக்காமல் கல்விக் கோட்டத்துக்கோ (வலயத்துக்குள் வருகிற சின்னப் பிரிவு) பள்ளிக்கூடத்துக்கோ கொடுக்கலாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வருடம் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கவில்லை, எது கஷ்டப் பிரதேசம், எது அதிகஷ்டப் பிரதேசம் என்ற விபரமெல்லாம் வலயக் காரியாலயங்களில் கோப்பாக இருக்கிறது, ஆசிரியர் கொடுப்பனவுக்காக ஏற்கெனவே எழுதி வைத்ததுதான். நகரத்துப் பிள்ளையைக் கடைசி வருடத்தில் அங்கே பதிந்து இடம் பிடிக்கிற வேலையும் நடக்கும், அதைத் தடுக்க ஆறாம் ஆண்டிலிருந்தே அந்தக் கோட்டத்தில் படித்திருக்கவேண்டும் என்று ஒரு விதி வைத்தால் சரி.

மட்டக்களப்புக் கணக்கில் பார்த்தால் இது ஆயிரத்துக்கு 3 இடம். அந்த மூன்றும் படுவான்கரைக்கும் வாகரைக்கும் போனாலும் நகரத்துப் பிள்ளைக்கு மாவட்டத்தின் 14 அப்படியே இருக்கிறது, நாடு முழுக்க உள்ள 400க்கும் போட்டி போடலாம்.